எல்கரின் மூன்றாவது சிம்பொனி: "யாரும் கை வைக்கக் கூடாது" என்றவரின் இசையைக் கேட்கலாமா?

தாழ்வாரம்:

போன வாரம் ராத்திரி ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் இரண்டாவது சிம்பொனியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது. இனிப்பே இல்லாத, முரட்டுத்தனமான தொடக்கம். ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் கைகோத்து நகர்வதுபோல, நடுவில் காந்தாரம் இல்லாத வெற்று ஒலி. எல்கர் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வயலின்களில் மென்மையான ஒரு மெட்டு வந்தது. அது சந்தேகமே இல்லாமல் எல்கர்தான். எழுந்துபோய்ப் பெயரைப் பார்த்தேன்: மூன்றாவது சிம்பொனிக்கான குறிப்புகள், விரிவாக்கியவர் ஆண்டனி பெய்ன் என்ற பிரிட்டிஷ் இசையமைப்பாளர்.

எல்கர் எழுதி முடித்த சிம்பொனிகள் இரண்டுதான், 1908-லும் 1911-லும் அரங்கேறியவை. மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோதே 1934 பிப்ரவரி 23 அன்று இறந்துவிட்டார். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, படுக்கையில் இருந்தபோது தன் நண்பர் பில்லி ரீடிடம் அவர் என்ன சொன்னார் என்பது. இதில் யாரையும் கை வைக்க விடாதே என்றார். எரித்துவிடுவதே நல்லது என்றும் சொன்னார்.

இதைப் படித்த பிறகு அந்த இசையை மறுபடி போட மனம் வரவில்லை. போடாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த மென்மையான மெட்டு நாலு நாளாகத் தலைக்குள் ஓடுகிறது. ஒருவர் இறக்கும்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை மீறி, முடித்து, ஒலிப்பதிவும் செய்து விற்பது சரியா? இதில் ஊறியவர்கள் சொல்லுங்கள்.

பழையகேசட்:

நல்ல கேள்வி. முதலில் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது கஷ்டம்.

1920-ல் மனைவி ஆலிஸ் இறந்த பிறகு எல்கர் பெரிய படைப்பு எதையும் எழுதி முடிக்கவில்லை. அவரை மறுபடி எழுத வைக்கவேண்டும் என்று விடாமல் முயன்றவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. பிபிசி தலைவர் ஜான் ரீத்துக்குக் கடிதம் எழுதி, எல்கரிடம் ஒரு சிம்பொனி கேளுங்கள் என்றார். 1932 கடைசியில் பிபிசி 1000 பவுண்டுக்கு ஒப்பந்தம் பேசி, செய்தியையும் வெளியிட்டது. எல்கருக்கு அப்போது 75 வயது. உற்சாகமாகவே உட்கார்ந்தார்.

அவர் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. முதல் பாரில் (தாளக் கட்டத்தில்) தொடங்கி வரிசையாக எழுதுகிறவர் இல்லை. நடுவில் ஒரு துண்டு, கடைசியில் ஒரு துண்டு, எதற்கு என்றே சொல்லாமல் ஒரு மெட்டு என்று தாள் தாளாகச் சேர்ப்பார். பிறகு ஒரு கட்டத்தில் எல்லாம் கோத்துக்கொள்ளும். பழைய சரக்கையும் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொன்ன அந்த வெற்றுப் பஞ்சமத் தொடக்கம், அவர் எழுதாமலே விட்ட 'கடைசித் தீர்ப்பு' என்ற மதப் பேரிசைக்காகப் போட்டு வைத்திருந்த யோசனை. இரண்டாம் பகுதியின் மெட்டு 1923-ல் 'ஆர்தர்' என்ற மேடை நாடகத்துக்கு எழுதியது. அந்த மென்மையான மெட்டு மட்டும் புதுசு. 1931-ல் சந்தித்த வயலின் கலைஞர் வேரா ஹாக்மனை நினைத்து எழுதியது.

ரீட், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை வயலின் கலைஞர். எல்கரின் வீட்டுக்குப் போவார். எல்கர் பியானோவில் உட்கார, ரீட் வயலினில் அந்தத் துண்டுகளை வாசித்துப் பார்ப்பார். ஆக, எந்தத் துண்டு எங்கே வரும் என்று ஓரளவுக்குத் தெரிந்த ஒரே ஆள் ரீட்தான்.

1933 அக்டோபரில் அறுவை சிகிச்சை செய்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. எடுக்க முடியாத நிலை. அப்போது 130 பக்கத்துக்கும் மேல் குறிப்புகள் இருந்தன. முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதி முடித்த பக்கங்கள் மிகச் சில.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை நினைத்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். 1934 ஜனவரி 22 அன்று, சாவதற்கு ஒரு மாதம் முன்பு, வூஸ்டரில் எல்கர் படுத்திருந்த அறைக்கும் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கும் தொலைபேசி இணைப்புப் போட்டார்கள். அங்கே ஆர்கெஸ்ட்ரா அவருடைய 'கராக்டகஸ்' இசையை வாசித்தது. அவர் படுக்கையிலிருந்தே கேட்டு, இங்கே வேகம் வேண்டும், அங்கே அமைதி வேண்டும் என்று திருத்தம் சொன்னார். ஒலிப்பதிவு என்றால் அவருக்கு அவ்வளவு உயிர்.

ஏடும்எழுத்தும்:

கதை மனதைத் தொடுகிறது, பழையகேசட் சார். ஆனால் தாழ்வாரம் கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. அவர் தெளிவாக வேண்டாம் என்றார். அதற்கு மேல் என்ன பேச்சு?

நான் பதிப்பு வேலை செய்கிறவன். எங்கள் பழக்கம் ஒன்று உண்டு. புறநானூற்றில் 267-ம் 268-ம் கிடைக்கவில்லை. அந்த எண்களை அப்படியே காலியாக விட்டிருக்கிறோம். வேறு பல பாடல்களில் ஓலை சிதைந்த இடத்தில் புள்ளி வைத்து அச்சிட்டார்கள். உ.வே.சா.வுக்கு அந்த இடத்தை நிரப்பும் புலமை இல்லையா? எதுகை மோனை பிசகாமல் நாலு சீர் எழுதிச் சேர்த்திருக்க முடியாதா? செய்யவில்லை. செய்திருந்தால் எது பழசு எது புதுசு என்று இன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

புள்ளி என்பது மரியாதை. எல்கரின் தாள்களையும் புள்ளியோடு விட்டிருக்கலாம்.

மெட்டுக்காரி:

ஏடும்எழுத்தும் ஐயா, உங்கள் புள்ளியை மதிக்கிறேன். ஆனால் ஏட்டுக்கும் இசைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. புள்ளி வைத்த பாட்டைப் படிக்கலாம். கண் அந்த இடத்தைத் தாண்டிப் போகும், மனம் தானே நிரப்பிக்கொள்ளும். புள்ளி வைத்த இசைக்குறிப்பை எண்பது பேர் உட்கார்ந்து வாசிக்க முடியாது. கொம்பு ஊதுகிறவருக்கு அந்த இடத்தில் என்ன சுரம்? ஒன்றும் எழுதவில்லை என்றால் அவர் ஊதமாட்டார், அவ்வளவுதான். இசை காலத்தில் நடப்பது. நின்றால் நின்றுவிடும்.

நான் ஒரு அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் வியோலா, அதாவது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், வாசிக்கிறேன். இந்த சிம்பொனியின் இரண்டாம் பகுதியை நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கிறோம். பெய்ன் செய்த வேலை என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு தாளில் மேல் மெட்டு மட்டும் இருக்கும். இன்னொன்றில் மெட்டும் கீழே அடித்தளச் சுரமும். மற்றொன்றில் பியானோவுக்கு எழுதிய மாதிரி இரண்டு வரி. வியோலா, இரண்டாம் வயலின், கொம்பு எல்லாம் உட்காரும் நடு அடுக்கு பெரும்பாலும் காலி. எல்கரின் இசையில் பாதி அழகு அந்த நடு அடுக்கில்தான் இருக்கிறது. மேலே ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே இன்னொன்று மெதுவாக இறங்கும். பெய்ன் அதைத் தெரிந்து எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது எங்கே தாள் மாறியது என்று என் விரல்களுக்குத் தெரியவில்லை.

நாலு பகுதிகளும் ஒரே நிலையில் இல்லை, இதையும் சொல்லவேண்டும். முதல் பகுதியின் முன்பாதி எல்கர் ஓரளவு தெளிவாகவே விட்டுப் போனது. மெதுவான மூன்றாம் பகுதிக்குப் பலமான துண்டுகள் இருந்தன. அதன் முடிவைத்தான் பென்சிலில் எழுதி ரீடிடம் கொடுத்து, "பில்லி, இதுதான் முடிவு" என்று எல்கர் அழுதாராம். கடைசிப் பகுதிதான் சிக்கல். தொடக்கத்துக்கு முழங்கும் ஒரு அறிவிப்பு, அப்புறம் சில மெட்டுகள். எப்படி முடியும் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அங்கே பெய்ன் எழுதத்தான் வேண்டியிருந்தது. எழுதினார்.

ஏடும்எழுத்தும்:

நன்றி அம்மா, விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் நீங்களே என் கட்சிக்குப் பலம் சேர்த்துவிட்டீர்கள். எங்கே தாள் மாறியது என்று வாசிக்கிறவர் விரலுக்கே தெரியவில்லை என்றால், கேட்கிறவர் கதி என்ன? என் பயமே அதுதான்.

வடக்குச்சன்னல்:

ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் பத்தாவது சிம்பொனியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை ஆகாது. புள்ளி வைத்தே வாசித்த கதை அங்கே இருக்கிறது.

1910 கோடையில் மாலர் அதை எழுதினார். மறு வருடம் மே 18 அன்று இறந்துவிட்டார். எல்கரின் தாள்கள் மாதிரி சிதறிக் கிடந்தவை இல்லை. ஐந்து பகுதியும் தொடக்கம் முதல் கடைசி வரை தொடர்ச்சியாக இருந்தன, ஆனால் சில இடங்களில் வெறும் மெலிந்த ஒற்றை வரி. முதல் பகுதியான அடாஜியோவும் மூன்றாவதும் மட்டும் 1924-ல் வியன்னாவில் அரங்கேறின. முடித்துத் தரச் சொல்லி இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்க்கையும் ஷோஸ்டகோவிச்சையும் கேட்டார்கள். இருவரும் மறுத்துவிட்டார்கள்.

1960-ல் மாலரின் நூற்றாண்டு. பிபிசியில் வேலை செய்த டெரிக் குக் அந்தக் குறிப்புகளைப் பற்றி ஒரு வானொலி நிகழ்ச்சி தயாரித்தார். டிசம்பர் 19 அன்று ஒலிபரப்பு. வாசிக்க முடிந்ததை ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. முடியாத இடங்களை விட்டுவிட்டு அவர் பேசி விளக்கினார். ஏடும்எழுத்தும் ஐயா கேட்கும் அதே நேர்மை.

மாலரின் மனைவி ஆல்மா கோபப்பட்டுத் தடை விதித்தார். பிறகு 1963-ல் நியூயார்க்கில் அந்த ஒலிபரப்பின் டேப்பை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். அவருக்கு 83 வயது. கேட்டு முடித்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் தடையை நீக்கிக் குக்குக்குக் கடிதம் எழுதினார். மாலரின் மகளிடமிருந்து மேலும் சில தாள்களும் வந்தன, இடைவெளிகள் நிரம்பின. 1964 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் முழுதாக அரங்கேறியது. மறு வருடமே பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா அதை வாசித்து ஒலிப்பதிவு செய்தது.

குக் கடைசி வரை இதை 'முடித்த சிம்பொனி' என்று சொல்லவில்லை. மாலரின் வரைவை வாசிக்கத் தோதாக ஆக்கியது, அவ்வளவே என்றார். அச்சான இசைக்குறிப்பில் பக்கத்தின் அடியில் மாலரின் மூலத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறது. எது யாருடையது என்று ஒவ்வொரு தாளக் கட்டமாகப் பார்க்கலாம். ஐயா, புள்ளி வைப்பதற்கு இதுவும் ஒரு வழி இல்லையா?

அப்படியும் இன்று வரை பலர் அந்த அடாஜியோவை மட்டும் வாசித்து நிறுத்திக்கொள்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் பெர்ன்ஸ்டைன் அப்படித்தான். இன்னொரு நடத்துநர் சைமன் ராட்டில் 1980-லிருந்து முழுவதையும் வாசித்து, இரண்டு முறை ஒலிப்பதிவும் செய்தார். நான் ராட்டில் பக்கம். அடாஜியோவோடு நிறுத்தினால் மாலர் சாவைப் பாடியபடியே போனார் என்று நினைப்போம். ஐந்தாம் பகுதியின் கடைசியைக் கேட்டால் தெரியும், அவர் அங்கே முடிக்கவில்லை.

புதுவரவு:

நான் இந்த இசைக்குப் புதிது, தவறாக இருந்தால் மன்னிக்கவும். இப்போது கணினியே முடித்துக் கொடுத்துவிடுமே? ஹுவாவெய் நிறுவனம் 2019-ல், சூபர்ட் என்ற இசையமைப்பாளர் இரண்டு பகுதியோடு விட்ட எட்டாவது சிம்பொனிக்கு மீதி இரண்டு பகுதியைக் கைபேசியின் செயற்கை நுண்ணறிவை வைத்து உருவாக்கி லண்டனில் வாசித்தார்கள் என்று படித்தேன்.

பழையகேசட்:

வாங்க தம்பி, மன்னிப்பு எதற்கு. உண்மைதான், அதில் இயந்திரம் மெட்டுகளைக் கொடுத்தது, ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தவர் ஒரு மனித இசையமைப்பாளர். ஆனால் வேடிக்கை பாருங்கள், சூபர்ட் விஷயத்தில் இந்த ஆசை ரொம்பப் பழசு. 1928-ல் அவர் இறந்து நூறு வருடம் ஆனபோது கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனம், எட்டாவதை முடித்துத் தருபவருக்குப் பரிசு என்று அறிவித்தது. பல பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வந்ததால் போட்டியையே மாற்றி, புது சிம்பொனி எழுதுங்கள் என்றார்கள். ஸ்வீடன்காரர் கர்ட் ஆட்டர்பெர்க் 10,000 டாலர் பரிசை வாங்கினார்.

என் கருத்து ஒன்று சொல்கிறேன். சூபர்ட் அந்த சிம்பொனியை 1822-ல் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்து வேறு எவ்வளவோ எழுதினார். அது அவர் வைத்துவிட்டுப் போனது. எல்கரும் மாலரும் வைத்துவிட்டுப் போகவில்லை, அவர்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. பேச்சு சூபர்ட்டுக்குப் போய்விடும், எல்கருக்கே வருகிறேன்.

எல்கர் இறந்ததும் அவர் மகள் கேரிஸும் பிபிசியும், யாரும் இதை முடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்தார்கள். தாள்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. ஆனால் ரீட் 1936-ல் எழுதிய நினைவு நூலில் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களை அப்படியே படமாக அச்சிட்டுவிட்டார். எரிக்கச் சொன்னதை எரிக்காமல் அச்சில் ஏற்றியது அதே நண்பர்தான். பாசத்தில் செய்தது.

பெய்ன் 1972-லிருந்து இந்தக் குறிப்புகளோடு வாழ்ந்தவர். 1990-களில் பிபிசி முயன்றபோதும் குடும்பத்து வாரிசுகள் முடியாது என்றார்கள். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எல்கர் இறந்து 70 வருடம் முடிந்து 2005 பிறந்ததும் ரீட் அச்சிட்ட பக்கங்களுக்குக் காப்புரிமை போய்விடும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்து எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம், கேட்க ஆளில்லை. அதைவிட, இருபது வருடத்துக்கும் மேல் இதிலேயே ஊறியவரிடம் நாமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். யாரும் கை வைக்கக் கூடாது என்ற வார்த்தையைக் காப்பாற்ற வழியே இல்லாதபோது, எந்தக் கை என்றாவது தேர்ந்தெடுத்தார்கள். நான் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

எல்கர் தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார். என்னால் முடியாவிட்டால் ஐம்பது வருடத்திலோ ஐந்நூறு வருடத்திலோ யாராவது இதை முடிப்பார்கள், அல்லது இதைவிட நல்லதாக ஒன்று எழுதுவார்கள் என்றார். ரீடிடம் சொன்னதும் அவர்தான், இதுவும் அவர்தான். வலியில் இருக்கிற மனிதர் ஒரே நினைப்பில் இருக்கமாட்டார்.

மெட்டுக்காரி:

ஒலிப்பதிவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வழக்கமாக முதலில் அரங்கேற்றம், அப்புறம் பதிவு. இதில் தலைகீழ். 1997 அக்டோபரிலேயே ஆண்ட்ரூ டேவிஸ் நடத்த, பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்துவிட்டது. மேடையில் அரங்கேறியது 1998 பிப்ரவரி 15, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில். அந்தப் பதிவில் ஒரு தனித் துடிப்பு உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேர இசை, எங்கே மூச்சு விடவேண்டும் என்று காட்டிக்கொடுக்க முன்னோடிப் பதிவு எதுவும் கிடையாது. அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வெளியிட்டது என்எம்சி என்ற சின்ன நிறுவனம், சமகால பிரிட்டிஷ் இசைக்கானது. அதைத் தொடங்கியவர் காலின் மேத்யூஸ். மாலர் வேலையில் குக்குக்கு உதவிய இரண்டு சகோதரர்களில் ஒருவர். வடக்குச்சன்னல் சொன்ன கதையும் இதுவும் ஒரே வீட்டுக் கதைதான்.

பிறகு பால் டேனியல் போர்ன்மத்தில், காலின் டேவிஸ் லண்டனில் என்று பதிவுகள் வந்தன. காலின் டேவிஸ் பதிவு கனமானது, மூன்றாம் பகுதியில் இருட்டு அதிகம். எனக்கு முதல் பதிவுதான்.

தாழ்வாரம், ஒன்று செய்யுங்கள். அதே நிறுவனம் இன்னொரு சிடியும் போட்டிருக்கிறது. பெய்ன் பேசி விளக்க, ஒரு வயலினும் ஒரு பியானோவும் எல்கர் விட்டுப்போன துண்டுகளை வாசிக்கும். எல்கர் வீட்டில் ரீடும் அவரும் உட்கார்ந்து வாசித்த அதே கூட்டு. முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் சிம்பொனியைக் கேளுங்கள்.

தாழ்வாரம்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மெட்டுக்காரி அக்கா சொன்ன வரிசையிலேயே கேட்டேன்.

துண்டுகளைக் கேட்டபோது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு மெட்டு வரும், சட்டென்று நிற்கும். இன்னொன்று வரும், நிற்கும். ஆனால் இரண்டாம் தடவை கேட்டபோது அந்த நிற்கும் இடங்களே கனத்தன. வேரா ஹாக்மன் மெட்டு அதில் வெறும் வயலினில் வருகிறது. நாலு நாள் என் தலையில் ஓடியது அதுதான். ஆர்கெஸ்ட்ரா இல்லாமலே அது முழுசாக இருக்கிறது. அந்த மெட்டு பெய்ன் கொடுத்தது இல்லை என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி.

அதற்கப்புறம் சிம்பொனி. கடைசிப் பகுதிக்காகவே காத்திருந்தேன், எல்கர் ஒன்றும் விட்டுப்போகாத அந்த முடிவுக்காக. ஆரவாரமாக முடித்துக் கைதட்டல் வாங்கியிருக்கலாம், பெய்ன் அப்படிச் செய்யவில்லை. எல்கர் 1931-ல் குழந்தைகளுக்காக எழுதிய தொகுப்பில் ஒரு வண்டி தூரத்திலிருந்து வந்து, கடந்து, தூரத்திலேயே மறைவதாக ஒரு சின்னப் பகுதி உண்டாம். அதே மாதிரி இங்கேயும் ஒரு மெட்டு நெருங்கி வந்து கடந்து போகிறது. ஒலி மெலிந்துகொண்டே போய், கடைசியில் டாம்டாம் என்ற பெரிய உலோகத் தட்டில் மெதுவாக ஒரே ஒரு அடி. அந்த அதிர்வு அடங்கும்வரை ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இருந்தேன்.

ஏடும்எழுத்தும் ஐயா கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த ஒரு அடிதான். எல்கர் எழுதாதது என்று தெரிந்தே கேட்டேன். பெய்னும் அதை எல்கர் பெயரில் ஒளித்துவைக்கவில்லை. தலைப்பிலேயே சொல்லிவிட்டார். சிடி உறையில் அந்த நீளமான தலைப்பை முதலில் பார்த்தபோது ஏதோ சட்டத்துக்காகப் போட்டது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

பெய்ன் 2021 ஏப்ரல் 30 அன்று இறந்தார் என்று இப்போதுதான் படித்தேன். அவர் மனைவி, பாடகி ஜேன் மேனிங், அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு.

வடக்குச்சன்னல்:

அருமை தாழ்வாரம். அடுத்து மாலர் பத்து. ராட்டில் 1999-ல் பெர்லினில் செய்த பதிவிலிருந்து தொடங்குங்கள். நாலாம் பகுதி முடிகிற இடத்தில் துணி போட்டு மூடிய பெரிய முரசு ஒரு அடி அடிக்கும். நியூயார்க்கில் ஒரு தீயணைப்பு அதிகாரியின் இறுதி ஊர்வலத்தை மாலர் ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தபோது கேட்ட முரசு அது. நீங்கள் இப்போது சொன்ன டாம்டாம் அடியோடு அதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். மாலர் போட்டது அது, அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஏடும்எழுத்தும்:

தம்பி தாழ்வாரம், உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். என் நிலை மாறவில்லை. இல்லாத பாட்டுக்கு இன்னொருவர் சீர் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் துண்டுகள் நிற்கும் இடம் கனத்தது என்றீர்களே, அதை நம்புகிறேன். புள்ளி வைத்த பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

மெட்டுக்காரி அம்மா, பெய்ன் பேசும் அந்தச் சிடியை எங்கே வாங்குவது? சிம்பொனி வேண்டாம். வயலினும் பியானோவும் வாசிப்பதை மட்டும் கேட்கிறேன்.